தளம் ஏன் அதிர்கிறது?

(ஆலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நடந்த தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், வேலைப்பளு ஆகியவை பற்றி இந்த வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம் காலுக்குக் கீழே இருக்கும் தளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மாடியில் இயங்கும் ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. போர்க்லிப்ட் வண்டி பாரத்தோடு போகும். தளம் அதிரும். மேஜைமேல் வைத்த டம்ளர் கலகலக்கும். நின்று வேலை செய்கிறவனுக்கு உள்ளங்காலிலிருந்து முதுகு வரை ஒரு நடுக்கம் ஏறும். மேஸ்திரியைக் கேட்டால், "அது அப்படித்தான்" என்பார். மானேஜரைக் கேட்டால், "கட்டடம் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்பார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆடாத தளம் உலகத்தில் கிடையாது. ஆனால் எவ்வளவு ஆடுகிறது? எதனால் ஆடுகிறது? அதனால் யாருக்குக் கேடு? அதைக் குறைக்க வழி என்ன? இந்த நான்கு கேள்விகளையும் அந்தப் பதில் மூடி மறைத்துவிடுகிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

குடத்துத் தண்ணீர் சொல்லும் பாடம்

விஞ்ஞானம் என்றதும் பயப்பட வேண்டாம். குழாயடியிலிருந்து குடம் சுமந்து வரும் நம் தாய்மார்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடந்தால் குடத்துத் தண்ணீர் தளும்பித் தளும்பி வெளியே கொட்டும். கொஞ்சம் நிதானித்தாலோ, நடையை மாற்றினாலோ தளும்பல் அடங்கும். ஏன்? குடத்துத் தண்ணீருக்கு ஆடுவதற்கென்று ஒரு சொந்தக் கணக்கு உண்டு. நம் நடையின் கணக்கும் அந்தக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், ஒவ்வோர் அடியும் முந்தைய ஆட்டத்தின்மேல் இன்னொரு தள்ளலைச் சேர்க்கும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தையின் கையே பெரிய ஆளை உயரே ஆட்டிவிடுகிறதே, அதே நியாயம்தான்.

குடத்தின் மேலே சில இலைகளைப் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. இலைகள் தளும்பலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் அடங்கும்.

ஆகவே மூன்று விஷயங்கள். ஒன்று, தள்ளுகிற சக்தி. இரண்டு, ஆடுகிற பொருளின் சொந்தக் கணக்கு. மூன்று, ஆட்டத்தை வாங்கி அடக்குகிற பொருள். தளத்தின் அதிர்ச்சியைப் பற்றி எஞ்சினீயர்கள் எழுதி வைத்திருக்கும் பெரிய பெரிய புத்தகங்களெல்லாம் இந்த மூன்றைத்தான் சுற்றி வருகின்றன.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் பிராட்டன் என்ற இடத்தில் ஒரு தொங்கு பாலம் இருந்தது. 1831 ஏப்ரல் 12 அன்று 74 சிப்பாய்கள் ஒரே சீராக அடி வைத்து அதன்மேல் போனார்கள். அவர்கள் அடியின் கணக்கும் பாலத்தின் கணக்கும் பொருந்தின. பாலம் துள்ளியது. ஒரு பக்கத்து இரும்புப் பிடிப்பு முறிந்து பாலம் சாய்ந்தது. அதன் பிறகுதான், பாலத்தின் மேலே போகும்போது சீர்நடையைக் கலைத்து நடக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது. முறிந்த பிடிப்பு ஏற்கெனவே பழுதானது என்பதும் பின்னால் தெரியவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுதில்லாத இடத்தில் வெறும் நடுக்கமாகப் போவது, பழுதான இடத்தில் அபாயமாக முடிகிறது.

வண்டியின் கணக்கு

இப்போது போர்க்லிப்டுக்கு வருவோம். 2 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடை மட்டும் ஏறத்தாழ 3 முதல் 3.5 டன் வரை இருக்கும். கிணற்று ஏற்றத்தில் பின்புறம் பாரம் கட்டுவதுபோல, முன்னால் சுமை தூக்கும்போது கவிழாமலிருக்க வண்டியின் பின்புறத்தில் பெரிய இரும்புப் பாரம் வைத்திருக்கிறார்கள். சுமையும் சேர்ந்தால் 5 டன்னுக்கு மேல் போய்விடும். அந்த எடையில் பெரும்பகுதி, பத்தில் எட்டரை ஒன்பது பங்கு, முன்சக்கரங்களின்மேல் விழுகிறது. சக்கரம் தரையைத் தொடும் இடமோ உள்ளங்கை அகலம்.

தளத்தின் கணக்கு என்ன? மாடித் தளங்கள் தாங்க வேண்டிய பாரத்தை இந்தியத் தர நிர்ணயம் 1987ல் வகுத்து வைத்திருக்கிறது. லேசான யந்திரங்கள் உள்ள வேலைத்தளம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ, நடுத்தரம் என்றால் 700 கிலோ, கனரக யந்திரம் என்றால் 1000 கிலோ. இவை குறைந்தபட்ச அளவுகள். பஞ்சுப் பேல் ஒன்றின் எடை 170 கிலோ என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். மூன்று பேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலே 510 கிலோ ஆகிறது. அதன் பக்கத்தில் 5 டன் வண்டி ஓடுகிறது. எந்தக் கணக்குக்குக் கட்டிய தளத்தில் எந்த வண்டியை ஓட்டுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நிற்கும் பாரம் வேறு, ஓடும் பாரம் வேறு. லாரிக்கு வில் உண்டு, காற்றடைத்த டயர் உண்டு. உள்ளே ஓடும் பல போர்க்லிப்டுகளுக்கு வில் கிடையாது. டயரும் கெட்டி ரப்பர். தளத்தின் இணைப்பில் ஓரம் உடைந்து ஒரு பள்ளம் இருந்தால், சக்கரம் அதில் விழுந்து எழும்பும். அது சம்மட்டி அடி. மணியை ஒருமுறை அடித்தால் அது தன் ஓசையிலேயே சிறிது நேரம் ஒலிப்பதுபோல, தளமும் தன் சொந்தக் கணக்கில் சிறிது நேரம் ஆடும்.

அடிகள் வரிசையாக விழுந்தால் இன்னும் மோசம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 2.5 மீட்டர். வழியில் அரை மீட்டருக்கு ஓர் இணைப்பு மேடு இருந்தால் விநாடிக்கு 5 அடி. பல மாடித் தளங்களின் சொந்தக் கணக்கு விநாடிக்கு 4 முதல் 10 ஆட்டம். தளத்தின் கணக்கும் ஐந்தாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? குடத்துத் தண்ணீரின் கதைதான்.

மேலே ஓடும் கிரேனுக்கும் இதே நியாயம். மின்சாரத்தால் ஓடும் கிரேனின் சக்கரப் பாரத்தோடு, அதிர்ச்சிக்காக இன்னும் 25 சதவீதம் சேர்த்துத்தான் கட்டடத்தின் பலத்தைக் கணக்கிட வேண்டும் என்று அதே தர நிர்ணயம் சொல்கிறது. அதாவது ஓடுகிற பாரம் அதிகமாக அடிக்கும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். தொழிலாளி கற்பனை செய்து சொல்வதல்ல.

யாருடைய குற்றம்?

இங்கே ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் நடக்கும் சண்டை. தளத்தில் நிற்கிற தொழிலாளி, "இவன் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான்" என்று வண்டி ஓட்டுகிறவரைத் திட்டுகிறார். ஓட்டுகிறவர், "உனக்கு நடுக்கம் வழியில், எனக்கு நடுக்கம் எட்டு மணி நேரமும்" என்று பதில் கொடுக்கிறார். இருவரும் முகம் பார்ப்பதில்லை.

தோழர்களே, ஓட்டுகிறவர் ஏன் வேகமாக ஓட்டுகிறார்? ஷிப்டுக்கு இத்தனை டிரிப் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். "மெதுவாகச் செல்லவும்" என்று சுவரில் பலகை தொங்கும். அதன் கீழேயே டிரிப் கணக்கு நோட்டும் இருக்கும். பலகையை மதித்தால் நோட்டில் குறையும். நோட்டை மதித்தால் பலகையை மீறிய குற்றம். இணைப்பு உடைந்து கிடப்பது ஓட்டுகிறவர் குற்றமா? ஒரு பக்கம் தேய்ந்து தட்டையான சக்கரத்தை மாற்றாமல் வைத்திருப்பது அவர் குற்றமா? இல்லை. ஆகவே சண்டை போட வேண்டியவர்கள் இந்த இருவரும் அல்லர். இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியவர்கள்.

உடம்புக்கு என்ன நேர்கிறது?

மனித உடம்புக்கும் சொந்தக் கணக்கு உண்டு. மேலும் கீழுமான ஆட்டத்தில் விநாடிக்கு 4 முதல் 8 வரையான ஆட்டம்தான் நம் உடம்பை அதிகமாகப் பாதிக்கிறது. முதுகெலும்பும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. மாடித் தளங்களின் கணக்கும் வண்டியின் அடிக்கணக்கும் பல சமயம் இதே எல்லைக்குள் வருவதுதான் துரதிர்ஷ்டம்.

வருஷக்கணக்கில் வண்டி ஆசனத்தில் உட்கார்ந்து குலுங்குகிறவர்களுக்கு இடுப்பு வலியும் முதுகுத் தண்டின் வட்டுத் தேய்மானமும் அதிகமாக வருகின்றன என்பதைத் தொழில் மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2002ல் இதற்கென்று ஓர் அளவு விதித்தன. குலுக்கலின் வலுவை அளக்கும் கருவி எட்டு மணி நேர வேலைக்கு 0.5 என்று காட்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். 1.15 என்பது தாண்டக் கூடாத எல்லை. ஒரு பொருள் கீழே விழும்போது பூமி இழுக்கும் இழுப்பு 9.8. 0.5 என்பது அதில் இருபதில் ஒரு பங்கு. அந்த அளவு வந்தாலே விழித்துக்கொள் என்கிறது அந்த விதி.

டிராக்டர் ஓட்டும் விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். உழுத கட்டியின்மேல் நாள் முழுவதும் குலுங்கும் டிராக்டர் ஆசனமும் இதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டியதுதான். ரைஸ்மில்லில் மூட்டை சுமக்கிறவர்களுக்கும், மேடு பள்ளமான ரோட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும். லாரி ஒவ்வொரு முறை பள்ளத்தில் விழும்போதும் வீட்டுச் சுவர் நடுங்குகிறது. சுவரைப் பூசிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ரோட்டைச் சமன் செய்தால் சுவர் தானாக அடங்கும்.

எப்போது பயப்பட வேண்டும்?

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தளம் நடுங்குகிறது என்றால் உடனே கட்டடம் விழப்போகிறது என்று அர்த்தமல்ல. நம் உடம்பு மிகவும் கூர்மையான கருவி. விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் தளம் அசைந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். பலமான கான்கிரீட் கட்டடத்தின் பூச்சில் சிறு விரிசல் விழுவதற்கே விநாடிக்கு 50 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் தர நிர்ணயம். ஆட்டம் தொடர்ந்து நடந்து, கட்டடத்தின் சொந்தக் கணக்கோடும் பொருந்திவிட்டால் இந்த அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும் என்றும் அதுவே எச்சரிக்கிறது. அப்படிக் குறைத்தாலும் இடைவெளி பெரிதுதான். ஆகவே வீண் பீதி கிளப்புவது நம் வேலையல்ல. நிர்வாகம் நம்மைப் பார்த்துச் சிரிக்க இடம் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் எப்போது விழித்துக்கொள்ள வேண்டும்? மாற்றம் தெரியும்போது. நேற்று வரை இல்லாத நடுக்கம் இன்று இருந்தால், தூணிலோ உத்தரத்திலோ விரிசல் கண்டு அது நாளுக்கு நாள் வளர்ந்தால், தளம் தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்கினால், கதவு ஜன்னல் திடீரென்று இறுகினால், கான்கிரீட் உதிர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பயப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடத்தின் உபயோகம் மாறும்போது கவனிக்க வேண்டும். ஆபீசுக்குக் கட்டிய மாடியைக் கிடங்காக்குவார்கள். கைவண்டி ஓடிய இடத்தில் போர்க்லிப்டை விடுவார்கள். தூணும் உத்தரமும் மட்டும் பழையபடியே இருக்கும்.

சாவாரில் நடந்தது

வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில் சாவார் என்ற ஊர். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகளும் ஒரு வங்கியும். மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் பெரிய விரிசல்கள் கண்டன. பார்த்த எஞ்சினீயர் அபாயம் என்றார். அன்று ஆட்களை வெளியேற்றினார்கள். மறுநாள் வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற மிரட்டல். காலையில் மின்சாரம் நின்றது. மேல்மாடிகளில் வைத்திருந்த பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் நடுங்கியது. சில நிமிஷங்களில் சரிந்தது. 1,130க்கும் அதிகமானோர் மாண்டார்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள்.

அங்கே நடுக்கத்தைக் கிளப்பியது வண்டியல்ல, ஜெனரேட்டர். அந்த நடுக்கம் மட்டுமே கட்டடத்தை வீழ்த்தவும் இல்லை. சதுப்பான நிலம், மட்டமான சாமான், அனுமதியில்லாமல் ஏற்றிய மாடிகள், கடைகளுக்கென்று கட்டிய இடத்தில் ஏற்றிய கனமான யந்திரங்கள் என்று எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே அதைக் குற்றுயிராக்கியிருந்தன. நடுக்கம் கடைசித் தள்ளல்.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வங்கிக்குத் தெரிந்தது, கடைக்காரருக்குத் தெரிந்தது, தொழிலாளிக்கும் தெரிந்தது. வங்கி ஊழியரும் கடைக்காரரும் வெளியே நிற்க முடிந்தது. தனித்தனியாக நின்ற ஆடைத் தொழிலாளியால் முடியவில்லை. அந்த ஐந்து தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கம் கிடையாது. "நாங்கள் உள்ளே போக மாட்டோம்" என்று ஒரே குரலில் சொல்ல அங்கே ஸ்தாபனம் இல்லை.

பரிகாரம் உண்டு

அதிர்ச்சியைக் குறைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில வழிகளுக்கு அதிகச் செலவே இல்லை. உடைந்த இணைப்புகளைச் செப்பனிட்டு மட்டம் செய்வது முதல் வேலை. தேய்ந்த சக்கரங்களை மாற்றுவது இரண்டாவது. வேகத்தைக் குறைப்பது மூன்றாவது. ஆனால் டிரிப் கணக்கைக் குறைக்காமல் வேகம் குறையாது. வண்டிப் பாதையைத் தளத்தின் நடுவிலிருந்து தூண் வரிசைக்குப் பக்கமாக மாற்றலாம். நடுவில்தான் தளம் அதிகமாக ஆடும். வில் வைத்த ஆசனம் போட்டால் ஓட்டுகிறவர் முதுகுக்கு ஆறுதல். கனமான சரக்கைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். லங்காஷயர் முதலாளிகள் தறிகளை ஒற்றைத் தளக் கொட்டகைகளில் வைத்ததற்கு ஒரு காரணமே, மாடியில் தறிகள் சேர்ந்து ஆட்டும் ஆட்டத்தைக் கட்டடம் தாங்காது என்பதுதான். இவ்வளவும் போதாவிட்டால், உத்தரத்தைப் பலப்படுத்துவது, புதுத் தூண் கொடுப்பது என்று செலவான வழிகள் இருக்கின்றன. அந்தச் செலவு லாபத்திலிருந்து போக வேண்டும். இன்று அது நம் முதுகெலும்பிலிருந்து போகிறது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் சாட்சியம் சேருங்கள். ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், எந்த வண்டி, பாரத்தோடா வெறுமையாகவா, எவ்வளவு நேரம் நடுங்கியது என்று எழுதுங்கள். தரையில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் அலை கண்ணுக்குத் தெரியும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் கெட்டியாக ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினீயர்களும் கையாளும் பழைய முறை இது.

இரண்டாவது, சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தளங்கள் உறுதியாகக் கட்டப்பட்டுச் சரியாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்று 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32வது பிரிவு சொன்னது. உயிருக்கு அபாயமான கட்டடத்தைச் செப்பனிடவும், உடனடி அபாயமென்றால் உபயோகத்தையே நிறுத்தவும் இன்ஸ்பெக்டருக்கு 40வது பிரிவு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ல் இயற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. உடனடி அபாயம் என்று நியாயமான அச்சம் ஏற்பட்டால் அதை முதலாளியிடமும் இன்ஸ்பெக்டரிடமும் தெரிவிக்கும் உரிமை இதிலும் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை தானாக எழுந்து ஆலைக்குள் நடந்து வராது. நாம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, கோரிக்கையைத் தெளிவாக வையுங்கள். ஒவ்வொரு மாடியிலும் அது தாங்கும் பாரம் எவ்வளவு என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். புது வண்டி, புது யந்திரம் வருமுன் எஞ்சினீயர் சான்று வாங்கி அதைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும். அதிர்ச்சியைக் கருவியால் அளந்து அறிக்கையை வெளியிட வேண்டும். டிரிப் கணக்கைப் பாதுகாப்பான வேகத்துக்குத் தகுந்தபடி திருத்த வேண்டும். இந்த மனுவில் தளத்தில் நிற்கிறவரின் கையெழுத்தும் வண்டி ஓட்டுகிறவரின் கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். அவர் நிற்பதும் அதே தளம்தான்.

தோழர்களே, எந்தக் கருவி வருமுன்பும் அந்த நடுக்கத்தை முதலில் உணர்வது உங்கள் பாதம். பாதம் சொல்வதை நோட்டில் எழுதுங்கள், நோட்டில் உள்ளதைச் சங்கத்தில் பேசுங்கள், சங்கத்தில் முடிவானதை நிர்வாகத்தின் மேஜைமேல் வையுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வோர் ஆலையிலிருந்தும் ஒரு நோட்டாவது இங்கே வர வேண்டும். அதிலிருந்து வேலையைத் தொடங்குவோம்.